ஓய்ந்த உடலும் ஓயாத கருவியும்



சென்ற ஆண்டு மாசி மாதத்தில் ஒரு நாள், எங்கள் ஆசிரமத்திற்கு நெடுங்காலமாக வந்துகொண்டிருக்கும் அன்பர் ஒருவர், தம் தந்தையாரின் பதின்மூன்று நாள் கிரியைகளை முடித்துக்கொண்டு என்னைக் காண வந்தார். மறைந்த பெரியவரை நான் நன்கறிவேன். இளமையிலேயே இந்த வடநாட்டு நகருக்கு வேலைதேடி வந்தவர். ரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். ஞாயிறு மாலைதோறும் தமிழன்பர்களுக்காக நடைபெறும் உபநிடத வகுப்பில் முன்வரிசையில் அமர்ந்து, நான் தவறவிடும் இடங்களைத் தலையசைப்பால் சுட்டிக்காட்டுபவர். 84ஆம் வயதில் உறக்கத்திலேயே அவரது உயிர் பிரிந்தது.

வந்தவர் தம் சட்டைப் பையிலிருந்து ஒரு சிறிய துணிப்பையை எடுத்து என் மேஜைமீது வைத்தார். உள்ளே, பெரியதொரு நாணயத்தின் அளவில், வழவழப்பான ஓர் உலோகப் பொருள் இருந்தது. பெரியவரின் மார்பில் ஆறு ஆண்டுகள் இருந்த பேஸ்மேக்கர் அது. உடலைத் தகனம் செய்வதற்குமுன் இந்தக் கருவியை அகற்றிவிட வேண்டும். இல்லையேல் வெப்பத்தில் அதன் பாட்டரி வெடித்துவிடும். மருத்துவர் வீட்டிற்கே வந்து, கழுத்தெலும்பின் கீழே சிறிதாகக் கீறி அதனை எடுத்துக் கொடுத்திருக்கிறார். அப்போது அவர் சாதாரணமாக ஒரு வார்த்தை சொன்னாராம்: "இது இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, பாட்டரி பல ஆண்டுகள் வரும்."

"சுவாமிஜி, அந்த வார்த்தைதான் என்னை உறங்கவிடவில்லை" என்றார் அன்பர். "அப்பா போய்விட்டார், கருவி துடிக்கிறது. இரவு முழுவதும், அவர் போன பிறகும், அந்த மார்புக்குள் இது துடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. அப்படியானால் ஆறு வருஷம் அவரை உயிரோடு வைத்திருந்தது எது? இதுவா, அவரா?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. புத்தகத்தில் விடை இருக்கிறது. ஆனால் தந்தையை எரித்துவிட்டு வந்தவரிடம் புத்தகத்தைத் திறப்பது முறையன்று. அன்று தொடங்கிய சிந்தனையையே இக்கட்டுரையில் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

இக்கருவியின் வரலாறே நமக்கு ஒரு பாடம். 1958ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் தேதி, ஸ்வீடன் நாட்டின் தலைநகரான ஸ்டாக்ஹோமில், ஆர்னே லார்சன் என்ற 43 வயதுப் பொறியாளரின் உடலுக்குள் முதன்முதலாக முழுமையான பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டது. அவரது இதயம் நாளொன்றுக்குப் பலமுறை நின்று நின்று துடித்தது. ஒவ்வொரு முறையும் அவர் நினைவிழந்து வீழ்ந்தார். அவருடைய மனைவி, அறுவை மருத்துவரான ஓகே சென்னிங்கையும் பொறியாளரான ரூன் எல்ம்க்விஸ்டையும் விடாப்பிடியாக வற்புறுத்தினார். அப்படியொரு கருவி மனிதனுக்கு ஏற்ற நிலையில் இன்னும் உருவாகவில்லை என்று அவர்கள் சொல்லிப் பார்த்தார்கள். அந்த அம்மையார் விடவில்லை. கடைசியில் எல்ம்க்விஸ்ட் ஷூ பாலிஷ் டப்பா ஒன்றை அச்சாகக் கொண்டு, பிசினை வார்த்து, கருவியை உருவாக்கிக் கொடுத்தார். முதற்கருவி சில மணி நேரத்திலேயே பழுதுபட்டது. மாற்றுக் கருவி பொருத்தப்பட்டது. அதன்பின் கருவிமேல் கருவியாக மொத்தம் 26 கருவிகளைப் பெற்று, லார்சன் 2001ஆம் ஆண்டு டிசம்பர்வரை வாழ்ந்தார். அவருக்குக் கருவி செய்து கொடுத்தவரும், அறுவை செய்தவரும் அவருக்கு முன்பே மறைந்துவிட்டார்கள். 86ஆம் வயதில் அவரது உயிரைக் கொண்டுபோனது இதயநோய் அன்று, புற்றுநோய்.

இந்தச் சாவித்திரியின் கதையைப் படிக்கும்போதெல்லாம் என் கைகள் தாமாகக் குவிகின்றன. உடலைக் காப்பதும், நோயைப் போக்குவதும், ஆயுளை நீட்டுவதும் பாவம் என்று வேதாந்தம் ஒருநாளும் சொன்னதில்லை. அறத்தைச் செய்வதற்கு உடலே முதற்கருவி என்பது நம் முன்னோரின் கொள்கை. துறவிகள் மருத்துவமனை நடத்துவது வேறு எதற்காக? 43 ஆண்டுகள் ஒரு மனைவி தன் கணவனோடு கூடுதலாக வாழ்ந்தாள் என்பது சிறிய செய்தியன்று. ஆனால் ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஒரு வாசலை அடைத்தபோது யமன் மறுவாசல் வழியாக வந்தான். நீட்டப்பட்டது ஆயுள், கிடைத்தது அமரத்துவம் அன்று.

இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதே இக்காலத்தின் பெரிய மயக்கம் என்று எனக்குத் தோன்றுகிறது. இக்காலத்தின் மயக்கம் என்று சொல்வதும் சரியன்று. யயாதியின் மயக்கமும் இதுவே. தன் மகனின் இளமையை வாங்கிக்கொண்டு ஆயிரம் ஆண்டுகள் போகத்தில் திளைத்தும், நெய் வார்த்த தீயைப்போல ஆசை வளர்ந்ததே தவிரத் தணியவில்லை என்று கண்டு, அவன் அந்த இளமையை மகனிடமே திருப்பிக் கொடுத்தான். கடோபநிடதத்தில் நசிகேதனுக்கு யமன் வழங்க முன்வந்ததும் இதுதான்: வேண்டிய அளவு ஆயுளை எடுத்துக்கொள் என்றான். அந்தச் சிறுவன் கேட்டானா? எவ்வளவு நீண்டாலும் வாழ்வு குறுகியதே என்று ஒரு வரியில் மறுத்துவிட்டான். தேவர்கள் அமுதம் உண்டவர்கள். அவர்களுடைய அமரத்துவமும் பிரளயம் வரையில்தான் என்று புராணமே கூறுகிறது.

உடலின் ஒரு பகுதியை அழியாமல் காக்க இயலாதா என்று கேட்பீர்களாயின், இயலும், அதுவும் நடந்திருக்கிறது. 1951ஆம் ஆண்டு அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற பெண்மணி புற்றுநோயால் இறந்தார். அவரைக் கேளாமலேயே அவரது கட்டியிலிருந்து எடுக்கப்பட்ட உயிரணுக்கள், உலகின் ஆய்வுக்கூடங்களில் இன்றுவரை பிரிந்து பெருகிக்கொண்டே இருக்கின்றன. அவற்றை அழிவற்ற உயிரணுக்கள் என்றே அறிவியலார் குறிப்பிடுகிறார்கள். அவற்றால் எத்தனையோ நோய்களுக்கு வழி பிறந்தது. ஆனால், ஐந்து குழந்தைகளை விட்டுவிட்டுப் போன அந்தத் தாய் எங்கே? 1967ஆம் ஆண்டு ஜனவரி மாதம் கலிபோர்னியாவில் இறந்த பேராசிரியர் ஒருவரின் உடல், என்றேனும் ஒருநாள் உயிர்ப்பிக்கப்படும் என்ற நம்பிக்கையில் திரவ நைட்ரஜனில் உறையவைக்கப்பட்டது. அதைப்பற்றி நான் மேலும் எழுத விரும்பவில்லை. பிணத்தைப் பாதுகாக்கும் வழக்கம் எகிப்தியர் காலத்திலிருந்தே உள்ளதுதான்.

அன்பர் வந்து சென்று இரண்டு மாதங்கள் கழித்து மறுபடியும் வந்தார். இம்முறை முகத்தில் துக்கத்தைவிடக் குழப்பம் மிகுந்திருந்தது. அவருடைய மகன் பெங்களூருவில் மென்பொருள் துறையில் பணிபுரிபவன். தாத்தாவின்மேல் உயிரையே வைத்திருந்தவன். தாத்தா எழுதிய கடிதங்கள், நாட்குறிப்புகள், தொலைபேசியில் அனுப்பிய குரல்பதிவுகள் ஆகிய அனைத்தையும் திரட்டி, செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றினுள் இட்டு, தாத்தாவின் குரலிலேயே அது உரையாடும்படி செய்திருக்கிறான். பாட்டியின் தனிமை தீரட்டும் என்பதுதான் அந்தப் பிள்ளையின் எண்ணம். அதில் குற்றம் காண நான் யார்?

பாட்டியின் முன் தொலைபேசியை வைத்தார்கள். கணவரின் குரல் அவரைப் பெயர்சொல்லி அழைத்தது. அந்த அம்மையார் சற்று நேரம் பேச்சற்றிருந்துவிட்டு, ஆண்டுக்கணக்கான பழக்கத்தினால், "மாத்திரை போட்டுண்டேளா?" என்று கேட்டார். "போட்டுண்டுட்டேன்" என்று குரல் உடனே பதில் சொல்லியது. அம்மையார் எழுந்து சமையலறைக்குச் சென்றுவிட்டார். பேரன் பின்னாலேயே ஓடி, "ஏன் பாட்டி?" என்று கேட்டதற்கு, "அவர் ஒருநாளாவது கேட்ட உடனே போட்டுண்டிருக்காரா?" என்றாராம்.

நாங்கள் இருவரும் சிரித்துவிட்டோம். ஆயினும் அன்பரின் கேள்வி சிரிப்பதற்குரியதன்று. "சுவாமிஜி, இன்றைக்குப் பதில் தவறாக இருக்கலாம். நாளைக்குச் செயலி மேம்பட்டு, அப்பா சொல்வதைப் போலவே சொல்லும். அவருடைய நினைவு முழுவதும் அதில் இருந்தால், அவருடைய மனம் அதில் இருக்கிறது என்றுதானே பொருள்? மனம் இருந்தால் அவர் இருக்கிறார் என்றுதானே பொருள்?"

இந்த இரண்டு 'என்றுதானே பொருள்'களுக்கும் இடையில்தான் வேதாந்தம் நிற்கிறது. முதலாவதை வேதாந்தி ஓரளவு ஒப்புக்கொள்ளவும் கூடும். இரண்டாவதை அவனால் ஒப்புக்கொள்ள முடியாது.

இங்கே மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் ஒன்று சொல்ல அனுமதியுங்கள். ஆங்கில நூல்களில் 'மைண்ட்' என்று வரும் சொல்லைத் தமிழில் 'மனம்' என்று எழுதிவிட்டு, பிறகு அடித்து, 'அறிவு' என்று எழுதி, அதையும் அடித்து, பக்கத்தை அப்படியே மூடிவைத்த நாட்கள் பல. காரணம் இதுதான்: மேலைத் தத்துவம், குறிப்பாக 1641இல் தம் தியானங்களை வெளியிட்ட டேகார்ட் முதற்கொண்டு, கோட்டை உடலுக்கும் மனத்திற்கும் நடுவே கிழித்தது. உடல் ஜடம், அது கடிகாரம் போன்றதோர் இயந்திரம். மனமோ சிந்திக்கும் பொருள், அதுவே நான். நூறாண்டுகளுக்குச் சற்றுப் பின்னர், லா மெத்ரி என்ற பிரெஞ்சு மருத்துவர் கோட்டையே அழித்துவிட்டு, மனிதன் முழுவதும் இயந்திரமே என்று எழுதினார். அன்றுமுதல் இன்றுவரை அங்கே வழக்கு இவ்விரு கட்சிகளுக்கும் இடையில்தான் நடக்கிறது. மனம் இயந்திரமாகிவிட்டால் மனிதன் இயந்திரமாகிவிடுகிறான் என்ற அச்சமும், மனத்தை இயந்திரத்தில் ஏற்றிவிட்டால் மனிதன் சாவை வென்றுவிடுவான் என்ற ஆசையும் ஒரே கருத்திலிருந்து பிறந்தவை: மனமே நான் என்பதே அக்கருத்து.

நம் ரிஷிகள் கோட்டை வேறிடத்தில் கிழித்தார்கள். மனம், புத்தி, சித்தம், அகங்காரம் ஆகிய நான்கும் சேர்ந்து அந்தக்கரணம். கரணம் என்றால் கருவி. அகத்தே உள்ள கருவி, அவ்வளவே. 'கருவி கரணங்கள்' என்று நம் பாட்டிமார்களும் சொல்லுகிற தொடரிலேயே இந்தத் தத்துவம் இருக்கிறது. மனம், கோட்டிற்கு இந்தப் பக்கம், உடலோடு சேர்ந்து நிற்பது. ஸ்தூலமான பருப்பொருளால் ஆனது உடல். சூட்சுமமான பொருளால் ஆனது மனம். இரண்டும் ஜடமே.

இதற்குச் சாந்தோக்கிய உபநிடதத்தில் ஒரு சோதனையே நடத்தப்பட்டிருக்கிறது. மனம் அன்னத்தால் ஆனது என்று உத்தாலகர் தம் மகன் சுவேதகேதுவிடம் கூறுகிறார். மகனுக்கு விளங்கவில்லை. பதினைந்து நாட்கள் உண்ணாதே, நீர் மட்டும் வேண்டிய அளவு பருகு என்கிறார் தந்தை. பிறகு வேதங்களைச் சொல்லச் சொல்கிறார். பன்னிரண்டு ஆண்டுகள் ஓதியவனுக்கு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. உண்டுவிட்டு வா என்று அனுப்புகிறார். வந்ததும் அனைத்தும் நினைவுக்கு வருகின்றன. பெருநெருப்பு அணைந்து மின்மினி அளவு கனலே எஞ்சினால் அதனால் எதையும் எரிக்க இயலாது; அக்கனலில் புல்லை இட்டு மூட்டினால் மறுபடியும் எரியும் என்று உவமை சொல்கிறார். பாருங்கள், நினைவாற்றல் உணவை நம்பி இருக்கிறது! மின்சாரம் நின்றால் கணினி மறக்கிறது. சோறு நின்றால் வேதம் மறக்கிறது. இந்தக் கதையை உபநிடதத்தில் படித்தவன், இயந்திரம் கவிதை எழுதுகிறது என்றோ சதுரங்கத்தில் உலக வீரரை 1997இல் தோற்கடித்தது என்றோ கேட்டு நடுங்க வேண்டியதில்லை. கருவி செய்யும் வேலையை மற்றொரு கருவி செய்கிறது.

அப்படியானால் இயந்திரத்திற்கு ஒருநாள் உணர்வு தோன்றுமா என்று இளைஞர்கள் என்னை மடக்குவார்கள். இதில் நான் அவசரப்பட விரும்பவில்லை. இயந்திரம் ஜடம், ஆகவே தோன்றாது என்று மேடையில் முழங்குவது எளிது. ஆனால் மூளையும் ஜடம்தான் என்று சொன்னவர்களும் நாமே. சைதன்யம் எங்கும் நிறைந்தது. தெளிந்த உபாதியில் அது பிரதிபலிக்கிறது. சுவரில் பிரதிபலியாத சூரியன் கண்ணாடியில் பிரதிபலிப்பதைப்போல. அத்தகைய கண்ணாடியை மனிதக் கை செய்ய முடியுமா? சூட்சும சரீரம் ஈசுவர சிருஷ்டி என்பது சாஸ்திரத்தின் நிலை. ஆய்வுக்கூடத்தில் வார்த்தெடுக்கும் பொருளாக அதை எங்கும் பேசவில்லை. 302 நரம்பணுக்களே கொண்ட ஒரு சிறு புழுவின் நரம்பு வரைபடம் 1986இலேயே வெளியாகிவிட்டது. அந்த வரைபடத்தை மட்டும் வைத்துக்கொண்டு அப்புழுவின் வாழ்வை முழுவதும் விளக்க இன்னும் முடியவில்லை. மனித மூளையிலோ சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள். ஆயினும் முடியவில்லை என்பதை வைத்து முடியவே முடியாது என்று வாதிடுவது நியாயம் அன்று. என் சித்தாந்தம் அந்த வாதத்தை நம்பி நிற்கவும் இல்லை.

அது எதை நம்பி நிற்கிறது என்றால், நம் ஒவ்வொருவரின் நாளாந்த அனுபவத்தையே. என் மனம் கலங்கியிருக்கிறது என்று நான் அறிகிறேன். நினைவு மங்கிவருகிறது என்று முதியவர் அறிகிறார். அறியப்படுவது அறிபவன் ஆகாது. ஆழ்ந்த உறக்கத்தில் நினைவு இல்லை, பெயர் இல்லை, மனைவி மக்கள் இல்லை. இருந்தும், விழித்தவுடன் 'சுகமாக உறங்கினேன், ஒன்றும் அறியவில்லை' என்கிறோம். ஒன்றும் அறியாமையை அறிந்து நின்றது எதுவோ, அதுவே சாட்சி. நினைவுகளை நகலெடுக்கலாம். ஒரு நகல் எடுக்க முடிந்தால் பத்து நகல்களும் எடுக்கலாம். பத்தும் 'நானே உன் தாத்தா' என்று பேசும். அப்பத்தில் எது அவர்? எது என்று தேர்ந்து சொல்ல வழியில்லை. ஏனெனில் நகலெடுக்கப்பட்டவை யாவும் அவர் அறிந்தவை. அறிந்தவர் எந்த நகலிலும் ஏறவில்லை. மூலத்திலும் அவர் ஏறியிருக்கவில்லை என்பதே வேதாந்தத்தின் துணிபு.

இவ்வளவையும் அன்பரிடம் கூறினேன். அவர் நிறைவோடு சென்றார். நானும் நிறைவோடு இருந்தேன். அதுதான் தவறு.

அடுத்த ஞாயிறு அவருடைய தாயார் தாமே வகுப்பிற்கு வந்திருந்தார். எல்லோரும் கலைந்த பிறகு மெல்ல அருகில் வந்து, "பையன் எல்லாம் சொன்னான், சுவாமி. எனக்கு அந்தப் பெட்டியில் அவர் இல்லை என்று தெரியும். அதை நான் கேட்க வரவில்லை. அவர் எங்கே இருக்கிறாரோ, அங்கே என்னை நினைத்துக்கொண்டிருப்பாரா? அதைச் சொல்லுங்கள், போதும்" என்றார்.

தத்துவத்தில் முதுநிலைப் பட்டம் பெற்றவன், பல ஆண்டுகளாக உபநிடதம் மொழிபெயர்ப்பவன், அந்த அம்மையாரின் முன்னால் வாயடைத்து நின்றேன். ஆறுதலுக்காக ஆம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் கேட்டது ஆறுதலை அன்று.

பிருகதாரண்யகத்தில் இதே இடத்தில் மைத்ரேயி நிற்கிறாள். வீட்டைத் துறந்து செல்லவிருக்கும் யாக்ஞவல்கியர் தம் செல்வத்தைப் பங்கிட முற்படுகையில், உலகம் நிறைந்த செல்வம் கிடைத்தாலும் அதனால் நான் அமரத்துவம் அடைவேனா என்று வினவியவள் அவள். கணவன் கணவனுக்காக அன்று, ஆத்மாவுக்காகவே அன்பிற்குரியவன் ஆகிறான் என்று அவர் உபதேசிக்கிறார். கேட்கிறாள். நீரில் இட்ட உப்புக்கட்டி கரைந்துபோகிறது. கட்டியாக அதைத் திரும்ப எடுக்க முடியாது. ஆனால் எங்கே எடுத்துச் சுவைத்தாலும் உப்பு என்கிறார். கேட்கிறாள். பிறகு அவர், உடலை நீங்கியபின் சம்ஞை இல்லை, அதாவது இன்னான் நான், இன்னாள் என் மனைவி என்ற தனியுணர்வு இல்லை என்கிறார். அங்கேதான் மைத்ரேயி கலங்குகிறாள். இங்கே என்னை மயக்கிவிட்டீர்களே என்கிறாள். அமரத்துவம் கேட்டவளுக்கு, அமரத்துவத்தில் நினைவு இல்லை என்ற பதில்! உபநிடதம் அந்தக் கலக்கத்தை மறைக்கவில்லை. இரண்டு இடங்களில் அதைப் பதிவு செய்திருக்கிறது. யாக்ஞவல்கியரும் பின்வாங்கவில்லை. இரண்டு இருக்கும்போதுதான் ஒருவர் மற்றொருவரைக் காண்பதும், கேட்பதும், நினைப்பதும். எல்லாம் ஆத்மாவே ஆகிவிட்டபோது எதனால் எதை நினைப்பது, அறிபவனை எதனால் அறிவது என்கிறார்.

இதை அந்த அம்மையாருக்கு மெதுவாகச் சொன்னேன். "நினைப்பதற்குத் தூரம் வேண்டும், அம்மா" என்று மட்டும் என் சொல்லாகச் சேர்த்தேன். அது சரியான விளக்கமா என்று இன்றும் எனக்கு ஐயம் உண்டு. முக்தி பெற்றவரைப் பற்றியது இது. மறுபிறவி எடுப்பவரும் பெரும்பாலும் முற்பிறவியை நினைப்பதில்லை என்பதையும் மறைக்காமல் கூறினேன். அவர் அழவில்லை. சற்று யோசித்து, "உப்பு என்றால் சரி" என்றார்.

அப்போது எனக்குக் காசிப்பூர் நினைவுக்கு வந்தது, அவருக்கும் சொன்னேன். 1886ஆம் ஆண்டு. தொண்டைப் புற்றுநோயால் குருதேவர் ஒரு கவளம் விழுங்கவும் முடியாமல் துன்புற்றார். பண்டிதர் சசதரர், தங்களைப் போன்றவர்கள் நோயுற்ற இடத்தில் மனத்தைச் செலுத்தினாலே குணமாகிவிடுமே என்றார். இறைவனுக்குக் கொடுத்துவிட்ட மனத்தை இந்த எலும்பும் சதையுமான கூட்டிற்குத் திருப்புவதா என்று குருதேவர் மறுத்துவிட்டார். பின்னர் நரேந்திரர் கெஞ்சியதற்காக அன்னையிடம் கேட்டார். இத்தனை வாய்களால் உண்கிறாயே என்று, எதிரே இருந்த சீடர்களை அன்னை சுட்டிக்காட்டினாளாம். அவர் வெட்கமுற்றார். ஆகஸ்ட் 16ஆம் தேதி அந்த உடல் வீழ்ந்தது. தாம் இயந்திரம், அன்னையே அதனை இயக்குபவள் என்று வாழ்நாளெல்லாம் சொல்லிவந்தவர் அவர். அவருக்கு அது உவமையன்று. பழுதுபட்ட இயந்திரத்தினுள் இருந்துகொண்டே சொன்ன உண்மை.

யந்திரம் என்ற வடசொல்லுக்கு வேரில் 'பிடித்து நிறுத்துவது' என்று பொருள். நம் சிராத்த முறை இதற்கு நேர்மாறானது. பத்து நாட்கள் பிண்டமிட்டு, பின் சபிண்டீகரணத்தில் இறந்தவரைப் பித்ருக்களோடு சேர்த்துவிடுகிறோம். தனிப்பெயரோடு நின்றவர் முன்னோர் வரிசையில் கலந்துவிடுகிறார். அவர் பெயரால் பிறருக்கு உணவிடுகிறோம். பிடித்து நிறுத்துவதில்லை, விடுகிறோம். பேரனின் செயலியைப்பற்றி அன்பர் கடைசியாகக் கேட்டபோது இதையே சொன்னேன். கடிதங்களைப் பத்திரமாக வையுங்கள், குரல்பதிவுகளைக் கேளுங்கள். அவர் சொன்னவை அவை. அவர் சொல்லாததை அவர் குரலில் சொல்லவைக்க வேண்டாம். அந்தப் பிள்ளைக்கு இது வருத்தமாகத்தான் இருந்தது. பாட்டியே அவனைச் சமாதானம் செய்தாராம்.

துணிப்பை அவர்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. பேஸ்மேக்கர் இன்னமும் துடிக்கிறதா என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. அம்மையார் மாத்திரை டப்பாவை மட்டும் ஆசிரம மருந்தகத்தில் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். வரும் ஞாயிறு வகுப்பில் மைத்ரேயி பிராமணத்தைத் தொடக்கத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று கேட்டிருக்கிறார்; பெரிய எழுத்தில் அச்சிட்ட பிரதி ஒன்று அவருக்காகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.